எண்ணெய்ப் பிசுக்கேறிய ஓவன் கண்ணாடிக் கதவைக் கீறல் விழாமல் சுத்தம் செய்வது எப்படி?

ஓவன் கதவில் கண்ணாடி வைத்திருப்பதே, திறக்காமல் உள்ளே பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். அது பழுப்பேறி மங்கிவிட்டால், உள்ளே இருப்பது வெந்துவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கிறோம். திறந்ததும் சூடு குப்பென்று வெளியேறுகிறது. மறுபடி அதே சூட்டுக்கு வர ஓவன் திணறுகிறது. அதனால் கண்ணாடியைத் தெளிவாக வைத்திருப்பதை வெறும் பார்வைக்கான வேலை என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

இதில் பெரும்பாலானவர்கள் தவறுவது ஒரே இடத்தில்தான். கறை போகவில்லை என்றதும் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். அதுவும் போதவில்லை என்றால் கம்பி நாரைக் கையில் எடுக்கிறார்கள். கறை போகும், கூடவே கண்ணாடியின் பளபளப்பும் போய்விடும். எங்கள் பழைய ஓவனின் கதவில் அப்படி விழுந்த கீறல்கள் இருந்தன. இரவில் ஒன்றும் தெரியாது. காலையில் ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழும்போது, வட்ட வட்டமாகச் சிலந்தி வலை விரித்ததுபோல் மொத்தமும் தெரியும். அதை எதைப் போட்டும் சரிசெய்ய முடியவில்லை. அன்றிலிருந்து நான் பிடிவாதமாகச் சொல்வது இதுதான்: முதலில் நன்றாக ஊற விடுங்கள், கை வேலை அதற்கு அப்புறம்.

பிசுக்கு ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது?

சாப்பிட்ட தட்டில் இருக்கும் எண்ணெய் சோப்புத் தண்ணீர் பட்டதும் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதே எண்ணெய் ஓவன் கண்ணாடியில் தெறித்துச் சூட்டில் கிடந்தால் கதையே வேறு. சூடும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து எண்ணெயின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த திரவம், வலைபோல் பின்னிய கெட்டியான படலமாக மாறிவிடுகிறது. வேதியியலில் இதைப் பாலிமராதல் என்பார்கள். வார்ப்பிரும்புச் சட்டியை எண்ணெய் தடவிப் பழக்கும்போது கருப்பாக ஒரு பூச்சு உருவாகுமே, அதே சங்கதிதான். சட்டியில் நாம் விரும்பி உண்டாக்குவது கண்ணாடியில் வேண்டாமலே உண்டாகிவிடுகிறது.

ஒரு விரல் நகத்தை வைத்துக் கதவின் உள்பக்கத்தை மெதுவாக வருடிப் பாருங்கள். மூன்று விதமான கறை அகப்படும். நகத்தில் பசைபோல் ஒட்டிக்கொண்டு வருவது புதுப் பிசுக்கு. அதற்குச் சோப்பே போதும். தேன் நிறத்தில் கண்ணாடியோடு கண்ணாடியாக, நகம் வழுக்கிக்கொண்டு போகிற படலம் இரண்டாவது வகை; வார்னிஷ் அடித்த மாதிரி இருக்கும். நம்மைப் பாடாய்ப்படுத்துவது இதுதான். நகம் தட்டுப்பட்டு நிற்கிற கருப்புப் புள்ளிகள் மூன்றாவது. அவை தெறித்து விழுந்து அங்கேயே கரிந்துபோனவை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்பதால், ஆரம்பத்திலேயே எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவைப்பது நல்லது.

நீங்கள் தேய்க்கப்போவது எப்படிப்பட்ட கண்ணாடி?

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கண்ணாடி போலத் தெரியும். உண்மையில் பெரும்பாலான கதவுகளில் 2 முதல் 4 கண்ணாடிகள் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே கொதிக்கிற சூடு வெளிப்பக்கத்தைத் தொடுகிற நம் கையைச் சுடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. அந்த இடைவெளியில் காற்று ஓடுவதற்காகக் கதவின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் சின்னச் சின்னத் திறப்புகள் இருக்கும். அவற்றின் வழியாகத்தான் வழிகிற எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கண்ணாடிகளுக்கு நடுவில் போய்ச் சேர்கின்றன. இதை நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

பெரும்பாலான ஓவன் கதவுகளில் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வேகமான காற்றால் சட்டென்று குளிர வைத்துத் தயாரிக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி மெதுவாகக் குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இந்த இறுக்கம்தான் அதன் பலம். பலவீனமும் அங்கேதான். ஆழமான கீறலோ விளிம்பில் ஒரு சின்னச் சில்லோ விழுந்தால், அந்த இடம் பலவீனமாகிவிடுகிறது. பிறகு ஒருநாள் சூடு ஏறும்போதோ கதவைச் சற்று வேகமாக மூடும்போதோ மொத்தக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடலாம். கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அழகைவிட இதுதான் பெரிய காரணம்.

எடுத்து வைக்க வேண்டியவை

பேக்கிங் சோடா, பாத்திரம் கழுவும் லிக்விட், வெள்ளை வினிகர், வெதுவெதுப்பான தண்ணீர். சொரசொரப்பில்லாத ஸ்பாஞ்ச் ஒன்று, பழைய டூத் பிரஷ் ஒன்று, மைக்ரோஃபைபர் துணி குறைந்தது 3. ரப்பர் கையுறை. ஒரு பிளாஸ்டிக் சுரண்டி. பழைய பிளாஸ்டிக் அட்டை இருந்தாலும் போதும். உணவைச் சுற்றி வைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள் கொஞ்சம். கண்ணாடி அடுப்பைச் சுத்தம் செய்யும் பிளேடு சுரண்டி இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படலாம். தரையில் விரிக்க ஒரு பழைய துண்டு.

எடுத்து வைக்கக் கூடாதவை

கம்பி நார் வேண்டாம். பச்சை நிறச் சொரசொரப்பான தேய்ப்பானும் வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற தூள் வகைகளில் சிலவற்றில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.5. கடினமானது மென்மையானதைக் கீறும். பேக்கிங் சோடாவோ 2.5 அளவில் நிற்கிறது. அதனால்தான் அதை நம்பிக் கண்ணாடியில் தேய்க்கலாம்.

சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ஓவன் ஸ்பிரேக்கள் கரிந்த பிசுக்கையும் கரைத்துவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும், மூச்சை அடைக்கும், கதவைச் சுற்றியுள்ள அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும். கண்ணாடிக்கு மட்டும் என்றால் அது தேவையே இல்லை என்பது என் அனுபவம். வேறு வழியில்லாமல் பயன்படுத்தினால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, டப்பாவில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிடம்கூட அதிகமாக விட்டுவைக்காதீர்கள்.

பிளீச்சை வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கிளீனரோடு கலந்தால் குளோரமின் வரும். இரண்டுமே நச்சு. இந்த வேலைக்குப் பிளீச் எந்த விதத்திலும் உதவாது, அலமாரியிலேயே இருக்கட்டும்.

பேக்கிங் சோடாவையும் வினிகரையும் ஏன் ஒன்றாகப் போடக் கூடாது?

சோடாவைத் தடவி, மேலே வினிகரைத் தெளித்து, நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்வது எல்லோருக்கும் பிடித்த காட்சி. அந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். பிசுக்கைக் கரைக்க வேண்டிய காரம் அங்கேயே செலவாகிவிடுகிறது. பொங்கும்போது ஒன்றிரண்டு துகள் கிளம்பலாம், அவ்வளவுதான்.

எண்ணெய்ப் பிசுக்கோடு மல்லுக்கட்டுவது காரத்தின் வேலை. காரம் பட்டால் கொழுப்பு உடைந்து, அதன் ஒரு பகுதி சோப்பாகவே மாறிவிடுகிறது. சோப்பு தயாரிப்பதும் இதே வினையில்தான். வினிகரின் முறை கடைசியில் வருகிறது: சோடா விட்டுப்போகும் வெள்ளைப் படலத்தையும் உப்புத் தண்ணீர்த் தடத்தையும் எடுப்பதற்கு. இரண்டும் நல்ல பொருட்கள்தான், ஆனால் வேறு வேறு நேரத்தில் வர வேண்டியவை.

படி 1: சூட்டைத் தணியுங்கள், முழுதாக ஆற விடாதீர்கள்

ஓவனை அணைத்து, பிளக்கைப் பிடுங்க முடிந்தால் பிடுங்கி விடுங்கள். கண்ணாடி சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரோ ஈரத் துணியோ படவே கூடாது. வெப்ப அதிர்ச்சியில் விரிசல் விடலாம். அதே சமயம் சில்லென்று ஆறிப்போன பிசுக்கு இறுகிக் கிடக்கும். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து, 10 நொடி எடுக்காமல் சுகமாக வைத்திருக்க முடிகிறதா? அந்த வெதுவெதுப்புதான் சரியான பதம்.

கதவு ஏற்கெனவே ஆறிக் கிடந்தால் ஆவி பிடிக்க வைக்கலாம். ஓவனில் வைக்கக்கூடிய பாத்திரத்தில் 2 கப் தண்ணீர் ஊற்றி, 120 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம் ஓட விட்டு, அணைத்து, கதவை மூடியபடியே வெதுவெதுப்பு வரும்வரை விடுங்கள். ஆவி போய்க் கண்ணாடியில் படிந்து பிசுக்கை இளக்கியிருக்கும். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கதவைத் திறந்து உதிரியை எடுங்கள்

கதவு கீழ்நோக்கித் திறக்கிற வகை என்றால் முழுதாகத் திறந்து கிடையாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே துண்டை விரியுங்கள். கதவின் மேல் கையை ஊன்றிச் சாய வேண்டாம். கீல் வளைந்துவிட்டால் அப்புறம் கதவு சரியாகப் பொருந்தாது. கரித்துகள், பொடி எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் ஒத்தி எடுங்கள். இழுத்துத் துடைக்காதீர்கள். கடினமான துகள் ஒன்று துணிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அதுவே கீறிவிடும்.

படி 3: சோப்புத் தண்ணீரில் ஒரு சுற்று

கால் பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீரில் 1 தேக்கரண்டி பாத்திர லிக்விட். ஸ்பாஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். இதில் புதுப் பிசுக்கு மொத்தமும் போய்விடும். சோம்பலில் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே சோடாவைத் தடவினால், மேலே இருக்கும் வழவழப்பான எண்ணெயே சோடாவை அடியில் இருக்கும் கெட்டிப் படலத்தைத் தொட விடாமல் தடுத்துவிடும்.

படி 4: சோடாக் குழம்பு, இந்த வேலையின் உயிர் இதில்தான்

அரை கப் பேக்கிங் சோடாவில் 3 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்கத் தொடங்குங்கள். அரைத் தேக்கரண்டி பாத்திர லிக்விட் சேருங்கள். பற்பசை மாதிரி வர வேண்டும். கதவைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, கரண்டியில் உருண்டையாகவும் நிற்கக் கூடாது. தண்ணீர் அதிகமாகிவிட்டால் இன்னும் கொஞ்சம் சோடா போடுங்கள்.

கையுறை போட்டு, 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடி முழுதும் பூசுங்கள். தேன் நிறப் படலம் இருக்கும் இடத்தில் கொஞ்சம் தடிமனாக. இரண்டு இடங்களை விட்டு விலகியே இருங்கள். ஒன்று, கதவைச் சுற்றியுள்ள கேஸ்கெட். பல ஓவன்களில் அது கண்ணாடி இழையால் பின்னிய கயிறு. ஈரமும் தேய்ப்பும் பட்டால் நைந்துபோகும். அப்புறம் சூடு கசியும். மற்றொன்று, நான் முன்பு சொன்ன காற்றுத் திறப்புகள். குழம்பு உள்ளே இறங்கிவிட்டால் நடுக் கண்ணாடியில் வெள்ளையாகக் காய்ந்து கண்ணை உறுத்தும்.

இப்போது அந்தப் பிளாஸ்டிக் தாளை எடுத்துப் பூச்சின் மேல் படிய விரித்து விடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். காய்ந்துபோன சோடா வேலை செய்யாது. ஈரமாக இருக்கும்வரைதான் காரம் கரைந்து நின்று பிசுக்குக்குள் இறங்கும். தாள் போடாமல் விட்டால் அரை மணி நேரத்தில் ஓரங்கள் வெளுத்து வெடிக்க ஆரம்பித்துவிடும். அதற்குமேல் இரவு முழுதும் விட்டாலும் பெரிய பலன் இல்லை. தாள் மூடியிருந்தால் மறுநாள் காலையிலும் விரல் வைத்தால் சில்லென்று ஈரம் தெரியும்.

எவ்வளவு நேரம்? லேசான பழுப்புக்கு 30 நிமிடம். தேன் நிறப் படலத்துக்கு 2 மணி நேரமாவது வேண்டும். வருடக்கணக்கில் சேர்ந்ததற்கு ஓர் இரவு. பூச்சு இருக்கும்போது ஓவனைச் சூடாக்க வேண்டாம். ஈரம் சீக்கிரம் பறந்துவிடும், பூச்சும் சுட்டுப்போய் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கும் மசியாத கதவுகள் உண்டு. அப்போது வீட்டிலேயே காரத்தை ஏற்றிக்கொள்ளலாம். பேக்கிங் சோடா சூடானால் தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடையும் விட்டுவிட்டு வாஷிங் சோடாவாக மாறும். அலுமினியம் அல்லாத தட்டில் மெல்லிசாகப் பரப்பி 200 டிகிரியில் 1 மணி நேரம் வைத்தால் போதும். பேக்கிங் சோடாக் கரைசலின் பி.எச். அளவு 8.3 போல இருக்கும். வாஷிங் சோடாவுக்கு 11 பக்கம் வந்துவிடும். அந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆறிய பிறகு அதே மாதிரி குழைத்துக் கறை உள்ள இடத்தில் மட்டும் தடவி, 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கையுறை கட்டாயம். அலுமினியச் சட்டத்தில் பட விடாதீர்கள், பட்டால் மங்கிப்போகும்.

படி 5: வழித்து எடுங்கள்

தாளை உரிக்கும்போது பூச்சின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாகத் தடவியது ஆங்காங்கே தேயிலைச் சாயம் போலப் பழுப்பாக மாறியிருந்தால் காரம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் பிளாஸ்டிக் சுரண்டியால் குழம்பை வழித்துத் துணியில் சேருங்கள். பிறகு ஈர ஸ்பாஞ்சால் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். அழுத்தம் எவ்வளவு என்றால், முகம் கழுவும்போது எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவு. மூலைகளுக்கு டூத் பிரஷ்.

முதல் சுற்றில் எண்பது சதவீதம் போய், மிச்சம் தீவுகள் மாதிரி நிற்பது வழக்கம். அந்தத் தீவுகளை அழுத்தித் தேய்க்கத்தான் கை துடிக்கும். வேண்டாம். அங்கே மட்டும் மறுபடி பூசி, தாளைப் போட்டு, இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். நான் பார்த்தவரை மூன்றாவது சுற்றைத் தாண்டி நிற்கிற படலம் அபூர்வம்.

படி 6: கரிந்த புள்ளிகளுக்குப் பிளேடு

இதைச் செய்வதா வேண்டாமா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. சில ஓவன் கையேடுகள் உலோகச் சுரண்டியே கூடாது என்கின்றன. உங்கள் கையேடு அப்படிச் சொன்னால் அதோடு விட்டுவிட்டு, சோடாவையும் பிளாஸ்டிக்கையும் வைத்தே முடியுங்கள். அப்படி இல்லையென்றால் நிதானமாகச் செய்யலாம்.

பிளேடு புதிதாக இருக்க வேண்டும். துருப்பிடித்த பிளேடும் முனை மழுங்கிய பிளேடும்தான் கீறல் போடுகின்றன. கண்ணாடி சோப்புத் தண்ணீரில் நனைந்தே இருக்க வேண்டும், ஒருபோதும் உலர்ந்த கண்ணாடியில் பிளேடு வைக்காதீர்கள். பிளேடைக் கண்ணாடியோடு 30 டிகிரி சாய்வில் படுக்க வைத்து, முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். பின்னால் இழுத்தால் அடியில் மாட்டிய துகளையும் சேர்த்து இழுக்கும். மூலையால் குத்தாமல் முழு விளிம்பும் படிய வேண்டும்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சரியாகப் போகும்போது ஈரக் காகிதம் உரசுகிற மாதிரி மெல்லிய சத்தம் வரும். நறநற என்று மணல் அரைபடுவது போலக் கேட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். டெம்பர்டு கண்ணாடியின் மேற்பரப்பில் தயாரிப்பின்போதே ஒட்டிக்கொண்ட நுண்துகள்கள் இருப்பதுண்டு. பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போனால் நீளமாகக் கோடு விழும். அதனால் முதலில் ஒரு மூலையில் சின்ன இடத்தில் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கருப்பாக அச்சடித்த ஓரப் பட்டையில் பிளேடே வேண்டாம், அச்சு உரிந்துவிடும்.

படி 7: அலசல்

துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். அலசுங்கள், மறுபடி துடையுங்கள். மூன்று முறை. அப்புறம் 1 பங்கு வினிகருக்கு 3 பங்கு தண்ணீர் கலந்து, துணியில் தெளித்துத் துடையுங்கள். நேரே கண்ணாடியில் தெளித்தால் திறப்புகளுக்குள் வழியும். கடைசியாக ஒரு தண்ணீர்த் துடைப்பு, உடனே உலர்ந்த மைக்ரோஃபைபர். தானாகக் காய விட்டால் தண்ணீர்த் தடம் நிற்கும்.

வெளிக் கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் சோப்புத் துணி ஒன்றே போதும். கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு அங்கே நிறைய இருக்கும்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் கறை இருந்தால்

உள்ளேயும் வெளியேயும் துடைத்தாகிவிட்டது, ஆனாலும் நடுவில் கண்ணீர் வழிந்தது போல ஒரு கோடு. இதைப் பார்த்து மனம் தளர்ந்துபோகிறவர்கள் அதிகம். எடுக்க முடியும். இரண்டு வழிகள் உண்டு.

எளிய வழியில் கதவைக் கழற்ற வேண்டாம். ஓவனுக்குக் கீழே இழுப்பறை இருந்தால் வெளியே எடுத்துவிட்டு, கதவின் கீழ் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றுத் திறப்பு நீளமாக இருந்தால், மெல்லிய மர அளவுகோலிலோ நேராக்கிய கம்பியிலோ மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, நூலால் இறுகக் கட்டி, அதன் வழியே உள்ளே விடலாம். கம்பி முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. துணியில் சோப்புத் தண்ணீர் சொட்டாத அளவு ஈரம் மட்டும். முதலில் ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி. துணி கழன்று உள்ளே விழுந்துவிட்டால் கதவைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை, ஆகவே அந்தக் கட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, கதவைக் கழற்றிக் கண்ணாடிகளைப் பிரிப்பது. இதற்குக் கையேடு வேண்டும். பல நிறுவனங்கள் மாடல் எண் வாரியாகக் கையேட்டை இணையத்தில் வைத்திருக்கின்றன. அந்த எண் பெரும்பாலும் கதவைத் திறந்தால் தெரிகிற சட்டத்தில் ஒட்டியிருக்கும். உதவிக்கு இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோவைத் தாண்டுகிற கதவுகள் சாதாரணம்.

பொதுவான முறை இப்படி இருக்கும். ஓவன் முழுதாக ஆறி, மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். கதவை முழுதாகத் திறந்தால் இரண்டு கீல்களிலும் ஒரு சின்னக் கொக்கி தெரியும். இரண்டையும் கடைசிவரை மடக்குங்கள். ஒன்று பாதியில் நின்றால் கீலின் ஸ்பிரிங் படாரென்று மூடிக்கொள்ளும். விரல் நசுங்கினால் எலும்பு முறியும் அளவுக்கு அதில் விசை இருக்கிறது. கீல் இடுக்கில் எப்போதும் விரலை வைக்காதீர்கள். பிறகு கதவைத் தடுக்கிற இடம்வரை பாதி மூடி, பக்கவாட்டில் இரண்டு பேரும் பிடித்து மேல்நோக்கித் தூக்கினால் கழன்று வரும். மேசையில் தடித்த துண்டை விரித்து, கைப்பிடி மேசைக்கு வெளியே தொங்கும்படி படுக்க வையுங்கள்.

கதவின் மேல் விளிம்பில் உள்ள பட்டை கிளிப்பிலோ திருகாணியிலோ நிற்கும். அதை எடுத்தால் உள் கண்ணாடி சறுக்கிக்கொண்டு வெளியே வரும். எடுக்கும் முன் கைபேசியில் படம் எடுங்கள், எடுத்த பின்னும் எடுங்கள். ஒவ்வொரு கண்ணாடியிலும் காகித நாடா ஒட்டி 1, 2, 3 என்றும் எது மேல் பக்கம் என்றும் எழுதுங்கள். மூலையில் அச்சடித்த சிறு எழுத்து எந்தப் பக்கம் நேராகத் தெரிந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கவனம் எதற்கென்றால், சில கண்ணாடிகளின் ஒரு பக்கத்தில் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிற மெல்லிய உலோக ஆக்சைடு பூச்சு இருக்கும். திருப்பிப் போட்டுவிட்டால் வெளிக் கண்ணாடி தேவைக்கு மேல் சூடாகும்.

நடுக் கண்ணாடிகளுக்குச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டுமே. பிளேடோ சோடாவோ அந்தப் பூச்சில் படக் கூடாது. கண்ணாடியை எப்போதும் தட்டையாகவே வையுங்கள், சுவரில் சாய்த்து வைத்தால் கீழ் விளிம்பு சில்லுப் போகும். நன்றாக உலர்ந்ததும், விரல் தடம் படாமல் ஓரத்தைப் பிடித்து, அதே வரிசையில் திருப்பிப் போடுங்கள். நாடாவை உரித்துவிட்டீர்களா என்று பார்த்து மூடுங்கள்.

கதவை மாட்டியபின் கொக்கிகளைப் பழைய நிலைக்கு மடக்கி, நாலைந்து தடவை திறந்து மூடுங்கள். இடுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு 100 டிகிரியில் 15 நிமிடம் காலியாக ஓட விட்டால் நடுவில் மிச்சமிருக்கும் ஈரமும் போய்விடும்.

முடித்த பிறகு ஏதாவது சரியில்லையா?

சூடானதும் வெள்ளையாகப் புகைபோல் படர்ந்தால் சோடா மிச்சம். ஆறியதும் வினிகர்த் தண்ணீரில் ஒருமுறை, வெறும் தண்ணீரில் ஒருமுறை. எண்ணெய் மாதிரி வானவில் நிறம் தெரிந்தால் சோப்பு அதிகமாகிவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் போகும். எதைப் போட்டாலும் மாறாத பால் நிற மங்கல் என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. கடுமையான காரத்தை நெடுநேரம் விட்டதால் வருவது அது. அதைத் தேய்த்து எடுக்க முடியாது. விளிம்பில் சில்லோ விரலுக்குத் தட்டுப்படுகிற கீறலோ இருந்தால் ஓவனைப் பயன்படுத்தாமல் கண்ணாடியை மாற்றிவிடுங்கள்.

பைரோலிட்டிக் வகைத் தானியங்கிச் சுத்தம் உள்ள ஓவனில், உட்புறம் 500 டிகிரியை நெருங்கிப் பிசுக்கைச் சாம்பலாக்கிவிடும். ஆனால் கேஸ்கெட்டுக்கு வெளியே இருக்கிற கண்ணாடி ஓரத்துக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. இந்தச் சுத்தத்தை ஓட விடுவதற்கு முன்பே அந்த ஓரத்தைக் கையால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இன்னும் இறுகிவிடும். வீட்டில் பறவை வளர்த்தால், இந்தச் சுத்தம் ஓடும் நேரத்தில் அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அப்போது வரும் புகை பறவைகளின் நுரையீரலுக்கு ஆகாது.

மறுபடி இந்த நிலைக்கு வராமல் இருக்க

எண்ணெய் தெறிக்கக்கூடியதை வைக்கும்போது உயரமான விளிம்புள்ள தட்டில் வையுங்கள், அல்லது மேலே தளர்வாக மூடுங்கள். சமைத்த அன்றே, கதவு வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஒரு ஈரத் துணி, ஒரு உலர்ந்த துணி. இரண்டு நிமிடம்கூட ஆகாது. இன்று துணியில் வழுக்கி வருகிற துளி, இன்னும் இரண்டு தடவை சூடேறினால் தேன் நிறத்துக்குப் போய்விடும். கதவை மூடுவதற்கு முன் உள் கண்ணாடியின் கீழ் விளிம்பில், கண்ணாடியும் சட்டமும் சேரும் அந்த இடுக்கில், துணியை விரலில் சுற்றி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டி எடுங்கள். கதவு மூடியிருக்கும்போது வழிகிற எண்ணெய் எல்லாம் வந்து தேங்கி நிற்பது அங்கேதான்.